பதினொரு மணி ஊற்று

ஆமைகளைக் கொண்டு கடலை ஆராய்வது என்று எங்கள் அலுவலகம் முடிவெடுத்ததில் எந்தத் தவறும் இல்லை. ஆமை கடலுக்குள் போகும், நாங்கள் போகமாட்டோம். அதன் முதுகில் ஒரு சிறு கருவியை ஒட்டிவிட்டால், போகுமிடமெல்லாம் தண்ணீரின் சூட்டை அளந்துகொள்ளும். ஆமை மூச்சு வாங்க மேலே வரும்போது அந்த அளவையும் தான் இருக்கும் இடத்தையும் வானத்துக்கு அனுப்பும். வானத்திலிருந்து அது தலைமையகத்துக் கணினிக்கு வரும். தலைமையகம் அதை எங்களுக்குக் கடிதமாக எழுதும். அந்தக் கடிதத்தைப் பிரித்து, முத்திரை குத்தி, எண் போடுகிறவன் நான். தபால் பிரிவு. ஆகவே இந்த விவகாரத்தில் ஆமைக்கு அடுத்தபடியாக எல்லாம் தெரிந்தவன் நான்தான்.

கருவியை ஒட்டுவதற்கென்றே ஒரு பெண்ணை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். முதுகு ஓட்டைத் துடைத்து, உரசி, பசை தடவி, கருவியை வைத்து, பசை காயும்வரை ஆமையை அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவள். இருந்தும் இயக்குநர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் 'பசை அக்கா'. அவள் கணவன் பக்கத்துப் படகுத்துறையில் சொந்தப் படகு வைத்திருந்தான். எங்கள் பின்வாசலில் நின்றால் அந்தத் துறை தெரியும்.

தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு ஆமைகள். பதினொன்றுக்கு அக்கா அதிகாலையிலேயே ஒட்டி முடித்துவிட்டாள். பன்னிரண்டாவதற்குச் சிறப்பு விருந்தினர் தம் திருக்கரத்தால் ஒட்டினார். படம் எடுத்தார்கள். பசை காய இரண்டு மணி நேரம் வேண்டும் என்று அக்கா சொன்னபோது, "அதுக்கென்ன, ஐயா பேசுவார்" என்றார் இயக்குநர். ஐயா எந்த மேடையிலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து பேசியவர் இல்லை. நிகழ்ச்சி நிரலே அதை நம்பித்தான் போடப்பட்டிருந்தது. அன்று பார்த்து அவருக்கு எங்கிருந்தோ அழைப்பு வந்து, இருபதே நிமிடத்தில் பேச்சை முடித்துக் கொடியை அசைத்துவிட்டார். ஒரு பேச்சு நீண்டிருந்தால் நாட்டுக்கு நன்மை என்று இருந்த ஒரே சந்தர்ப்பம் அப்படிக் கைநழுவியது. பன்னிரண்டு ஆமைகளும் பலத்த கைதட்டலுக்கிடையே கடலில் இறங்கின. பன்னிரண்டாவது கருவி மட்டும் மணலில் கிடந்தது.

அக்கா அதை எடுத்துக்கொண்டு இயக்குநரின் குளிர்சாதன அறைக்கு ஓடிவந்தாள். நான் அங்கே கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"சார், இது விழுந்துடுச்சு."

"எது?"

"ஐயா ஒட்டினது."

"ஐயா ஒட்டினது விழாது."

"என் கையில இருக்கே சார்."

இயக்குநர் அவள் கையைப் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்த்தார். "பன்னிரண்டு விடப்பட்டதுன்னு ஐயா கையெழுத்துப் போட்டுட்டார். கீழே நீயும் போட்டிருக்கே. ஒண்ணு குறையுதுன்னா ரெண்டுல ஒரு கையெழுத்து பொய். எது பொய்?"

அக்காவின் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அவள் அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தாள். "என்னுதுதான் சார்."

"அப்ப விழல. இப்படி வை."

வைத்தாள். உள்ளங்கை அகலத்தில், தட்டையாக, கறுப்பாக ஒரு சாமான். ஜன்னலோரம் இருந்த அந்த மேசையில் டீ டம்ளர் வைத்து வைத்து வட்டம் வட்டமாகக் கறை படிந்த இடம் ஒன்று உண்டு. கருவி அந்த இடத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. மறுநாள் பதினொரு மணிக்கு டீ வந்தபோது இயக்குநர் டம்ளரை அதன்மேல் வைத்தார். நாலு மணிக்கும் வைத்தார்.

மற்ற பதினொரு ஆமைகளும் பொறுப்பில்லாதவை. நினைத்தபோது மேலே வந்தன, நினைத்தபோது தகவல் அனுப்பின. ஒன்று ஒன்பது நாள் ஆளையே காணாமல் போய், பிறகு வேறொரு நாட்டுக் கடலில் தலைகாட்டியது. பன்னிரண்டாம் எண்ணோ மணிக்கு ஒருமுறை தவறாமல் தகவல் தந்தது. தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஏனைய ஆமைகளும் இதைப் பின்பற்றுமாறு அறிவுறுத்தப்பட வேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது. அறிவுறுத்தப்பட்டன என்று பதில் போட்டோம்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பன்னிரண்டாம் எண் இருக்கும் இடம் தரை என்று கணினி காட்டியது. தலைமையகத்தார் இதற்கெல்லாம் மிரளுகிறவர்களா? ஆமை கடலில் விடப்பட்டது என்பதற்குக் கையெழுத்து இருக்கிறது. அது தரையில் இருக்கிறது என்று சொல்வது வானம். வானம் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே, தரையில் காட்டும் ஆமைகளை அருகிலுள்ள தண்ணீருக்குத் தள்ளிக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி செய்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கு அருகிலுள்ள தண்ணீர், படகுத்துறை.

அடுத்த வாரம் அந்தக் கடிதம் வந்தது. 'பொருள்: படகுத்துறை — வெந்நீர் ஊற்று — கண்டறியப்பட்டமை தொடர்பாக.' படகுத்துறைத் தண்ணீர் பகல் முழுவதும் இதமான குளிர்ச்சியில் இருப்பதாகவும், தினமும் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் பத்து நிமிடம் கொதிநிலையை நெருங்குவதாகவும் எழுதியிருந்தார்கள். ஊற்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் பொங்காமல் இருப்பது மேலாய்வுக்கு உரியது. அத்தகைய சூட்டிலும் இடத்தைவிட்டு நகராத ஆமையின் கடமை உணர்ச்சி போற்றுதலுக்கு உரியது.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீங்களா, நம்ம கடல்ல இப்படி ஒண்ணு!" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் ஊற்றின்மேல் வைத்தார்.

ஊற்றைப் பாதுகாக்க வேண்டாமா? படகுத்துறையில் படகு இறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அறுபது படகுகள் மணலில் ஏறின. செய்தி பரவியதும் ஊரில் இருந்த முட்டிவலிக்காரர்கள் எல்லோரும் கரையோரமாக இறங்கி நிற்க ஆரம்பித்தார்கள். ஊற்றுக் குளியல் நாகரிகமாகிவிட்டது. வலியே இல்லாதவர்களும் புதுத் துண்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அக்கா இயக்குநரிடம் போய் அழாத குறையாகச் சொன்னாள். "சார், அது உங்க டீ சார்."

"என் டீயா?"

"டம்ளரை அந்தக் கருவி மேலதான வைக்கிறீங்க. அந்தச் சூடுதான் போகுது."

"கருவி ஆமை மேல இல்ல இருக்கு? நீதானே கையெழுத்துப் போட்டே."

அக்கா வெளியே வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். "வீட்டுல அவர் வாயே திறக்கறதில்ல அண்ணே. வலையைப் பிரிக்கிறார், மடிக்கிறார். பிரிக்கிறார், மடிக்கிறார். ஒரு வலையை ஒரு மனுஷன் எத்தனை தடவை மடிப்பார்?"

தலைமையகத்திலிருந்து ஆய்வுக் குழு வரப்போகிறது என்று தெரிந்தபோது எங்கள் இருவருக்கும் உயிர் வந்தது. வந்து தண்ணீரில் கையை வைத்தால் தெரிந்துவிடுமே! குழு வந்தது. குளிக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, சரியாகப் பதினொரு மணிக்கு வெப்பமானியை இறக்கினார்கள். இயக்குநர் குடை பிடித்தபடி கூடவே நின்றார். அவர் அங்கே நின்றதால் அறையில் அன்று டீ இல்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கணினியைப் பார்த்தார்கள். அதிலும் அன்று ஊற்று பொங்கவில்லை.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டும் ஒத்துப்போகுது. நாம வந்ததும் ஊற்று அடங்கிடுச்சு. அப்படின்னா?"

"கூச்ச சுபாவம் சார்," என்றார் இயக்குநர்.

மனித நடமாட்டத்தால் ஊற்று ஒடுங்குவது ஐயமற நிறுவப்பட்டது. ஊற்றிலிருந்து ஐந்நூறு மீட்டர் தூரத்துக்குள் மனிதர் எவரும் நுழையக் கூடாது. எங்கள் அலுவலகம் ஐந்நூற்றுப் பத்தாவது மீட்டரில் இருந்ததால் தப்பியது. படகுகளை நிரந்தரமாக அப்புறப்படுத்த முப்பது நாள் அவகாசம்.

அந்த உத்தரவுக்கு முத்திரை குத்தி எண் போட்டேன். அக்காவைக் கூப்பிட்டேன். "பயிற்சிக்குன்னு ஒரு வெத்துக் கருவி வச்சிருந்தியே, இருக்கா?"

"இருக்கு அண்ணே."

"ஊற்றை நிறுத்தத்தானே முடியாது? இடம் மாத்தலாம்ல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மேசையில் இருந்த கருவி போய் வெற்றுக் கருவி வந்தது. 'மாதிரிக் கருவி ஒன்று தங்கள் மேலான பார்வைக்கு' என்று தலைமையகத்துப் பெரிய அதிகாரிக்கு ஒரு கடிதம் தயார் செய்து, கையெழுத்துக்குப் போகும் கட்டில் நடுவில் செருகினேன். கட்டின் நடுவில் இருப்பதை இயக்குநர் படிப்பதில்லை. மேலே இருப்பதையும் படிப்பதில்லை. பார்சல் அன்றே போயிற்று.

பெரிய அதிகாரிக்குக் கருவி பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. மூன்றாம் நாளே ஆமை முந்நூறு கிலோமீட்டர் உள்நாட்டில் காட்டியது. விதிப்படி அதை அருகிலுள்ள தண்ணீருக்குத் தள்ளினார்கள். அங்கே அருகிலுள்ள தண்ணீர், தலைமையகத்து வாசலில் பாசி பிடித்துக் கிடந்த அலங்காரக் குளம். அதில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வெந்நீர் பொங்கியது. பெரிய அதிகாரி அல்லவா? ஐந்நூறு மீட்டர் விதி அவர்கள் செய்த விதிதான். மீறலாமா? மொத்தத் தலைமையகமும் காலி செய்யப்பட்டு மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. இதனால் மக்கள் பணி எதுவும் பாதிக்கப்படவில்லை என்று அறிக்கை விட்டார்கள். அவர்கள் விட்ட அறிக்கைகளில் முழு உண்மை அது ஒன்றுதான்.

ஊற்று ஆமையோடு இடமாற்றம் பெற்றுவிட்டதால் படகுத்துறைத் தடை நீக்கப்பட்டது. அந்த உத்தரவை நானே கையில் எடுத்துக்கொண்டு அக்காவோடு துறைக்குப் போனேன். அவள் கணவன் படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ள வழி இல்லை. இருநூறு பேர் துண்டோடு முட்டியளவுத் தண்ணீரில் நின்றார்கள்.

"வழி விடுங்க!" என்றான் அவன்.

"பதினொண்ணு அடிக்கப்போகுது தம்பி. பத்து நிமிஷம் பொறு."

அக்காவுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள். "ஊற்றும் இல்ல, ஒண்ணும் இல்ல! எங்க இயக்குநர் டீ டம்ளர் வச்ச சூடுதான் அது! போங்க வீட்டுக்கு!"

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா, நாப்பது வருஷமா கவர்மென்ட் சொன்ன எதையும் நான் நம்பினதில்ல. இதை என் முட்டியே சொல்லுது. நீ சும்மா இரு."

பதினொன்று ஆயிற்று. கூட்டம் முழுவதும் 'ஆ...' என்று மூச்சுவிட்டது. படகைப் பிடித்தபடி தண்ணீரில் நின்ற கணவன் மெல்லத் திரும்பினான். "ஏய், லேசா சுடுது."

"உளறாதீங்க!"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பார்த்தேன். ஒரு காலை எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்த பிறகுதான் ஏறினேன்.

பத்து நிமிடம் கழித்துக் கூட்டம் விலகியது, படகு போயிற்று. அன்றிலிருந்து எங்கள் கடலில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் எந்தப் படகும் நகருவதில்லை. தடை நீக்கிய உத்தரவு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு கிடையாது, ஊற்றுக்கு விடுமுறை.

படகு போன மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'கள ஆய்வு' என்று போட்டிருந்தேன். இயக்குநர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். என் மனைவிக்குப் பல வருஷமாக முதுகுவலி. பத்தே முக்காலுக்கு அவளை அழைத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

எங்களுக்கு முன்பே அங்கே பசை அக்கா நின்றிருந்தாள். மாமியாரை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

"அண்ணியை இப்படி நிக்க வைங்க அண்ணே. இங்கதான் நல்லா சுடும்."