கொடியேற்றத்தன்று திறந்த மீன்கடை

புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: திட்டத்தை முதலில் வீட்டில் சொல்லுங்கள். (நான் சொல்லவில்லை.)

குருநகரில் மீன்பிடிக்கும் கத்தோலிக்க வீட்டில் பிறந்து, கணினிக்குள் தலையை விட்டு வளர்ந்தவன் நான். போனில் ஓடர் செய்தால் மீன் வீடு தேடி வரும். அதுதான் என் கொம்பனி. "இது சரிவராட்டி பிரான்ஸுக்குச் சித்தப்பாவிட்டைப் போ" என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கோ யாழ்ப்பாணத்தை விட்டுப் போக மனமே இல்லை.

எந்த நாளில், எங்கே தொடங்குவது என்ற யோசனையை யாராவது திருடிவிடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை. பழைய சந்தை விலைகளைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஆண்டுதோறும் நல்லூர்க் கோயில் திருவிழா நாட்களில் மீன் விலை விழுகிறது! சனமோ நல்லூரில் நிரம்பி வழிகிறது. இது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கொடியேற்றத்தன்று அப்பாவின் வலையில் பட்டது முழுவதையும் கேட்டேன். கொழும்புக்கு அனுப்பத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, அவரும் மறுபேச்சில்லாமல் தந்தார்.

மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கினேன். முகநூலில் விளம்பரம் போட்டேன். நெஞ்சு நிறைய அறக்குளா மீன் படம் போட்ட ரீசேட்டுடன் கோயில் வீதி முனையில் நின்று துண்டுப்பிரசுரம் நீட்டினேன். திருநீறு பூசிய ஓர் அக்கா வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, உமக்கு விசரோ? கொடியேறிட்டுது. நாங்கள் மீன் சட்டியையே கழுவிக் கவிட்டு வைச்சிட்டம்."

"எப்ப வரைக்கும் அக்கா?"

"திருவிழா முடியுமட்டும்." என் முகம் போன போக்கைப் பார்த்து இரங்கிவிட்டார். "வெயில் தலைக்கேறிட்டுது போலை. உதிலை தண்ணீர்ப் பந்தலிலை மோர் குடியும்."

பிரான்ஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. ரீசேட்டை உள்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அழாத குறையாக மோர் குடித்தேன். அப்போதுதான் போன் அடித்தது. முதல் ஓடர்! இரண்டு கிலோ விளைமீன். முகவரியைப் பார்த்தேன். எங்கள் வீடு. அம்மா.

பெட்டிகளோடு வீடு திரும்பினேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எடேய், திருவிழாவுக்கை மீன் ஏன் மலிவெண்டு என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

பிறகு கத்தியை எடுத்து அமர்ந்தார். மூவரும் சேர்ந்து மீனை வெட்டி உப்பிட்டோம். அன்றைய சிரிப்பையும் உப்பு வாடையையும் நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. திருவிழா முடிந்ததும் நான் விற்றது அந்தக் கருவாட்டைத்தான். பிரான்ஸுக்கு நான் போகவில்லை. எங்கள் கருவாடு போகிறது.

அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு கொடியேற்றத்தன்றும் காலையில் எனக்குப் போன் எடுப்பார்.

"தம்பி, கடை திறந்தாச்சோ?"

பின்னால் அம்மாவின் குரல் கேட்கும்: "எனக்கு ரெண்டு கிலோ விளைமீன்!"