என் கார்தான் மெதுவாக ஓடியது

இயேசு மரி சூசை துணை

பலாபத்வல,
ஞாயிறு, பூசை கண்டு வந்து எழுதுவது.

ஜப்பானில் இருக்கும் அன்பு மச்சான் கிறிஷாந்த் அவர்களுக்கு அத்தான் ஹெர்பர்ட் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நாங்கள் நலமாக இல்லை. உன் அக்கா ரொஷானி என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், தேத்தண்ணி தருகிறாள், மேசையில் வைத்துவிட்டு மேசையைப் பார்த்து "சாப்பிடச் சொல்லு" என்கிறாள். மேலே 'அவர்களுக்கு' என்று போட்டது மரியாதைக்கு. இனி 'நீ' என்றே எழுதுகிறேன். 'நீங்கள்' என்று எழுதிக்கொண்டு போனால் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைப்பாய். கோபம் இல்லை மச்சான், வெட்கம்தான் இருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். அனுப்பிய குரல் செய்தியெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நீ உன் அக்காவோடு பேசும்போது எனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். "ஒங்க வாயால போனவன ஒங்க கையால எழுதிக் கூப்பிடுங்க" என்றாள். அவள் என்னிடம் நேராகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். ஆகஸ்டில் மகள் மதுஷிகாவுக்கும் ஷியாமுக்கும் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு வாசற்படி இறக்கிவிடாமல் நம் வீட்டில் எந்தப் பெண் கோயிலுக்குப் போயிருக்கிறாள்? அந்த இடத்தில் நிற்க ரொஷானிக்கு உன்னைவிட்டால் வேறு தம்பி கிடையாது. ஆகவேதான் கொப்பிக் கடதாசி கிழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஈஸ்டரன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும்தான் இருந்தாய். ஆனால் என் பக்கத்தில் இருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. மதுஷிகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கேம் மெஷின் வாங்கிக் கொடுத்தேன் அல்லவா, அவளுக்கு அது அலுத்துப் போனதும் கடைப் பின்னறைக்கு வந்துவிட்டது. கராம்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் அந்தக் கார்ப் பந்தயத்தை ஓட்டுவேன். என்னை வென்றவர் இந்த ரோட்டில் இல்லை. பக்கத்து நாலந்தாவிலிருந்து மிளகு கொண்டுவருகிறவர்கள் தோற்றார்கள், லொறிக்காரர்கள் தோற்றார்கள். நிஜ பஸ்ஸையே காற்றாய்ப் பறக்கவிடுகிற தம்புள்ள பஸ் டிரைவர் ஒருவர் தோற்றுவிட்டு, "மொதலாளி, நீங்க கராம்பு விக்கிறதே நல்லது, ரோட்டுக்கு வந்தா எங்க பொழப்பு போயிரும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். படித்துக் கிழித்தவன் இல்லை நான். ஊரில் எனக்கு இருந்த ஒரே பட்டம் அது.

நீ லீவில் உன் மெஷினோடு வந்தாய். அதே கேம், உறையில் அதே படம், அதே சிவப்புக் கார், ஆனால் ஜப்பானுக்குச் செய்தது என்றாய். கூடவே ஓர் இரும்புப் பெட்டி, அங்கே கரண்ட் நூறாம், இங்கே இருநூற்று முப்பதாம், அது குறைத்துக் கொடுக்குமாம். பந்தயம் தொடங்கவா என்று மெஷின் கேட்டது, நான் பெருக்கல் குறி மாதிரி இருக்கும் புள்ளடிப் பொத்தானை அமுக்கினேன், அது என்னை முதல் பக்கத்துக்கே தள்ளிவிட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடி தள்ளியது. "அத்தான், ஜப்பான்ல வட்டந்தான் சம்மதம், புள்ளடின்னா வேணான்னு அர்த்தம்" என்றாய். ஆயுள் முழுக்கத் தேர்தலில் புள்ளடி போட்டுத்தான் சம்மதம் சொல்லியிருக்கிறேன், இப்படிப்பட்ட நாட்டில் நீ எப்படிக் காலம் தள்ளுகிறாயோ என்று அப்போதே எனக்குக் கவலை. சரி, கை பழகிய என் டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டால், வீசா இல்லாத ஆளைப் பார்த்த மாதிரி உன் மெஷின் அதை ஏற்கவே மாட்டேன் என்றது. கடைசியில் உன் டிஸ்க்கிலேயே ஓட்டினேன். என் டீவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும், அது அழகுக்கு வைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். உன்னுடையதில் பட்டையே இல்லை. கொடி விழுந்ததும் கார் கயிற்றை அறுத்துக்கொண்ட மாடு மாதிரி பாய்ந்தது. முதல் வளைவில் சுவர். அடுத்த வளைவிலும் சுவர். நீயோ பூசைக்குப் போகிறவன் மாதிரி அமைதியாகச் சுற்றிவந்தாய். "அப்பா, செவரு எல்லாத்துக்கும் சுண்ணாம்பு அடிக்கப் போறீங்களா?" என்று மதுஷிகா சிரித்தாள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். வரப்போகிற மருமகன் ஷியாம் பக்கத்தில் இருந்து, "அங்கிளுக்கு இன்னைக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்ல போல" என்று மரியாதையாகச் சொன்னானே, அது தாங்கவில்லை.

பிறகு சாப்பாட்டு மேசை. நீ ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், "விடுங்க அத்தான், அங்க பாலர் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களே இத விட வேகமாப் போவாங்க" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று திரும்ப எழுதக் கை கூசுகிறது. ஆனால் விற்ற சரக்கை விற்கவில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஒன்ன அங்க காரக் கழுவத்தானே விட்டிருக்காங்க, ஓட்டணும்னா டீவியிலதான் ஓட்டணும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். அக்கா போட்ட சோறு பாதி கிடக்க, நீ கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாய். மெஷினைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதாவது உன் பின்னால் ஓடிவந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் மெஷினில் களவு இருக்கிறது, அதைப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தேன், வழி தெரிந்தது. நூறுக்குச் செய்த சாமானை இங்கே மாட்டினால் கரண்ட் கூடித்தானே போகும், கூடினால் வேகமாகத்தானே ஓடும், ஃபேன் அப்படித்தானே சுற்றுகிறது? அந்த இரும்புப் பெட்டி ஒழுங்காகக் குறைக்கவில்லை, அவ்வளவுதான். ரொஷானி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அறையில் இருந்த ஃபேன் ரெகியூலேட்டரைச் சுவரிலிருந்து கழற்றி, உன் பெட்டிக்கு முன்னால் மாட்டி, மூன்றில் வைத்தேன். பெட்டி தேன்கூடு மாதிரி ரீங்காரம் போட்டது. கார் மெதுவாகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் நடுங்கியது, பிறகு செத்தல் மிளகாய் கருகின மாதிரி ஒரு நெடி, பிறகு புகை. உன் மெஷின் போய்விட்டது மச்சான். இரும்புப் பெட்டியும் போய்விட்டது. அந்த மெஷின் உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கியது என்று ரொஷானி மேசையிடம் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஃபேனும் சுற்றுவதில்லை, ஆகவே அவளுக்கு என்மேல் இரட்டைக் கோபம்.

மாத்தளை டவுனில் ஷியாம் போன் திருத்துகிறவன்தானே, வந்து திறந்து பார்த்தான். "அங்கிள், இது ஃபேன் இல்ல. கரண்ட்டுக்கும் காரோட வேகத்துக்கும் சம்பந்தமே இல்ல" என்றான். பிறகு என் டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கம் சொன்னான். ஜப்பான் டீவியில் ஒரு செக்கனுக்கு அறுபது தரம் படம் மாறுமாம், ஐரோப்பாவில் ஐம்பது தரம்தானாம். நம் நாட்டுக்கு வந்தது ஐரோப்பாக்காரனுக்குச் செய்தது. அவனுக்கு மாற்றிச் செய்தவர்கள் வேகத்தைச் சரிக்கட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்களாம். படமும் நசுங்கிப்போனதால்தான் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. "ஒங்க மெஷின்ல ஆறு நிமிஷம் ஓடுறது, அங்க அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும் அங்கிள்."

"அப்ப கிறிஷாந்த் ஏமாத்தலியா?"

"இல்ல அங்கிள். ஒங்களத்தான் ஏமாத்தியிருக்காங்க."

குசினிக்குள் இருந்து உன் அக்கா குரல் வந்தது, எனக்கல்ல, ஷியாமுக்கு. "அப்ப இந்த மனுசன் இத்தன வருஷமா மெதுவாப் போய்த்தான் சம்பியனான்னு கேளுங்க மகன்."

நானும் வியாபாரிதான். பொறுக்கியெடுத்த கராம்பு கப்பலுக்குப் போகிறது, மிச்சம் டவுனுக்குப் போகிறது, அதில் எனக்கு ஒளிவு மறைவு இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே பையில் ஒரே படம் போட்டுக் கொடுத்ததில்லை, வாங்குகிறவனுக்கு எது எந்தத் தரம் என்று தெரியும். இவர்கள் உறைக்குள் ஒரு துண்டாவது வைத்திருக்கலாம், 'ஐயா, உமக்குத் தருவது மெதுவான தரம், இதை நம்பி மச்சானோடு மோத வேண்டாம்' என்று. தராசு பிழை என்று தெரியாமல் நான் உன் சரக்கைக் குறை சொல்லிவிட்டேன். அதற்கும் மேலே, கழுவுகிற வேலையை ஒரு வேலையா என்று கேட்டவன் யார்? டவுனில் மிளகுச் சாக்கு உதறித் தும்மித் தும்மி முன்னுக்கு வந்தவன். நான் மூட்டை ஏற்றுகிற வேனும் ஜப்பானில் இருந்து வந்ததுதான், கண்ணாடியில் அந்த ஊர் ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. உன்னைப் போல யாரோ ஒரு பிள்ளை கழுவித்தான் அதைக் கப்பலேற்றியிருப்பான். இப்போது அதில் ஏறும்போதெல்லாம் அந்த ஸ்டிக்கர் என்னைப் பார்க்கிறது.

ஆகவே மச்சான், நீ நன்றாக ஓட்டுகிறாய், நான் உன்னிடம் தோற்றேன். எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். சொன்ன சொல்லுக்கு மன்னித்துக்கொள். எனக்காக வர வேண்டாம், மதுஷிகாவுக்காக வா, அவள் கழுத்தில் மாலை உன் கையால் விழ வேண்டும். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் மேசையோடு பேசு, இந்த வீட்டில் அதற்குப் பழகிவிட்டது. மாதா உன்னைக் குளிரிலும் வெயிலிலும் காத்து, கையில் வெடிப்பு வராமல் பார்த்து, ஆகஸ்டில் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்ப்பாளாக.

தோற்றுப்போன உன் அத்தான்,
ஹெர்பர்ட்

பி.கு.: உறை ஒட்டப் பசை எங்கே என்று மேசையிடம் கேட்டேன். ரொஷானி நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "தம்பி டிக்கட் போட்டுக் கிழமைக் கணக்காகுது. ஒங்க பேச்சுக்காக அவன் மருமகள் கல்யாணத்த விடுவானா? நீங்க எழுதுறீங்களா இல்லியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். ஆக, இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்கவில்லை. மன்னிப்பு இருக்கட்டும், கொடுத்ததைத் திருப்பி எடுக்கிற ஆள் நான் இல்லை. 'நீ நன்றாக ஓட்டுகிறாய்' என்ற வரியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடு. ஏனென்றால் ஷியாம் உன் ஜப்பான் வேகத்தில் எங்கேயோ பழகிவிட்டு நேற்று என் மெஷினில் வந்து உட்கார்ந்தான், ஒவ்வொரு வளைவிலும் அவசரப்பட்டுத் திருப்பி ஒவ்வொரு சுவரிலும் முட்டினான். வேகத்துக்குப் பழகியவனுக்கு மெதுவாகப் போக வராது மச்சான். கல்யாணத்துக்கு மறுநாள், கடைப் பின்னறையில், என் மெஷினில், என் டிஸ்க்கில். உன் கையில் வேகம் இருப்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பொறுமை இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.