நூற்றுப் பதினேழு கைப்பிடிப் புக்கை

எனக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள். ஒன்று, மைக் கையில் கிடைத்தால் இலேசில் கீழே வைக்கமாட்டேன். மற்றது, எதைக் கண்டாலும் 'ஏன்?' என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. முதல் பழக்கத்தால் ஒரு மாட்டைக் கிட்டத்தட்டக் கொன்றேன். இரண்டாவது பழக்கத்தால், கொல்லப் பார்த்தது நான்தான் என்று ஊர் முன்னால் நிரூபித்தும் காட்டினேன். (வேறு யாராவது என்றால் பேசாமல் இருந்திருப்பார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மிருக வைத்தியராகி உரும்பிராய்ப் பக்கம் வேலைக்கு வந்து பத்து மாதம்தான். என்னிடம் வராத சீவன் கிடையாது. காலையில் சினைப்படாத மாடு. பத்து மணிக்குக் கழிச்சல் பிடித்த ஆட்டுக்குட்டி. பிறகு ஷொப்பிங் பைக்குள் இருந்து தலையை மட்டும் வெளியே நீட்டியபடி ஒரு சேவல். மத்தியானம், லீவில் வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் செல்லம் கொடுத்துவிட்டுப் போனதால் சோற்றைத் திரும்பியும் பார்க்காத ஒரு நாய். ஊருக்குள் எனக்கு 'மாட்டு டொக்டர் பிள்ளை' என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது.

பொங்கலுக்கு முந்தின கிழமை சனசமூக நிலையத்தில் பேசக் கூப்பிட்டார்கள். 'பருவத்துக்கேற்ற கால்நடைப் பாதுகாப்பு' என்பது தலைப்பு. தலைவர், ஓய்வு பெற்ற செல்வம் மாஸ்டர். பத்து நிமிடம் தந்தார். நான் ஐம்பத்தைந்து நிமிடம் பேசினேன். மாரி ஈரத்தில் மாட்டுக் குளம்பு எப்படி அழுகும், மழைக்குப் பிறகு முளைக்கும் இளம் புல்லால் வயிறு ஏன் ஊதும், வெடிச் சத்தத்துக்கு நாயை எங்கே கட்ட வேண்டும் என்று எல்லாம் சொல்லி, கடைசியாகப் பொங்கலுக்கு வந்தேன்.

"மாட்டின்ரை பெரிய வயித்துக்குள்ளை கோடிக்கணக்கிலை கிருமியள் இருக்கு. அதுகள் புல்லையும் வைக்கலையும் திண்டு பழகின நல்ல கிருமியள். திடீரெண்டு சோறும் சக்கரையும் போனால் எல்லாம் புளிச்சுப்போடும். வயிறு ஊதும். மாடு செத்தும் போகலாம்" என்றேன்.

முன்வரிசையில் இருந்து ஒரு கை உயர்ந்தது. பரமேஸ் அக்கா. பதினொரு வீட்டுக்குப் பால் கொடுத்துக் குடும்பத்தைக் கொண்டுபோகிறவர். அக்காவின் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருபத்திரண்டு வீடு. மற்ற வீடுகளின் மாட்டுக் கொட்டில்களில் இப்போது ஓட்டோவும் தண்ணீர்த் தாங்கியும் நிற்கின்றன. மாடு என்று மிச்சம் இருந்தது அக்காவின் மயிலி மட்டும்தான்.

"அப்ப பட்டிப்பொங்கலண்டு மாட்டுக்குப் புக்கை குடுக்கக் கூடாதோ பிள்ளை?"

மாட்டுக்குப் பொங்கல் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் நான் எப்படி வேலை பார்ப்பது? எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானத்துக்கும் நல்ல பெயருக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"குடுக்கலாம். ஆனால் ஒரு ஆள் ஒரு கைப்பிடிதான். அதுக்கு மேலை வேண்டாம்."

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும்.

பட்டிப்பொங்கலன்று காலையில் அக்கா வீட்டுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். புதுச் சேலை உடுத்திக்கொண்டு போனேன். (மாட்டு வைத்தியர் சேலை உடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.) மயிலி குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலையோடு நின்றது. ஏழு மாதச் சினை. சினை ஊசி போட்டதும் நான்தான். இரண்டு தரம் தப்பி மூன்றாம் தரம்தான் பிடித்தது. அதனால் அந்தக் கன்றில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதுபோல ஒரு நினைப்பு.

"டொக்டர்தான் துவக்கி வைக்கோணும்" என்றார் மாஸ்டர்.

ஒரு கைப்பிடி கொடுத்தேன். படம் எடுத்தார்கள். வட்டுக்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் நோ, வரமுடியவில்லை. அவருக்காக ஒன்று கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து மெல்பேர்ணில் இருந்து என் கூடப்பிறந்த அக்கா வீடியோவில் வந்தாள்.

"எடியே, எனக்காகவும் ஒண்டு குடு. கொஞ்சம் கிட்டக் காட்டு, மாட்டின்ரை முகம் தெரியேல்லை."

கிட்டக் காட்டிக் கொடுத்தேன். என் பின்னால் நின்ற சனம் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் எதைப் படித்தார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டு வடையைத் தின்றுவிட்டு, கோப்பாயில் ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன்.

பின்னேரம் நாலு மணிக்குப் பரமேஸ் அக்காவின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, மயிலி அசைபோடேல்லை. இடப்பக்கம் வீங்கி வருது. படுத்திட்டு எழும்புதில்லை."

சேலையோடேயே ஸ்கூட்டியில் பறந்தேன். மருந்துப் பெட்டி எப்போதும் ஸ்கூட்டியில்தான் இருக்கும். போய்ப் பார்த்தால் மயிலியின் இடது வயிறு முதுகுக்கு மேலே எழும்பி நின்றது. விரலால் சுண்டினால் தவில் மாதிரிச் சத்தம். பல்லை நறநறவென்று கடித்தது. மூச்சில் புளித்த மாவின் மணம். புத்தகத்தில் படித்த அத்தனை குறிகளும் வரிசையாக இருந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது: அட, எழுதியிருப்பது போலவே இருக்கிறதே! அடுத்த கணம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"கண்டு தப்புமோ பிள்ளை?"

"முதல்லை தாயைப் பாப்பம் அக்கா."

அக்காவுக்கு விளங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மாடு போனால் பதினொரு வீட்டுப் பாலும் போய்விடும், வயிற்றில் இருக்கும் கன்றும் போய்விடும். வேறு கையிருப்பு இல்லை.

எப்படியோ எல்லோருமாகச் சேர்ந்து மயிலியை நிமிர்த்தி நிறுத்தினோம். நடுவில் ஓட்டை போட்ட கட்டையை வாயில் கொடுத்து, அதன் வழியாகத் தடித்த ரப்பர் ரியூப்பை வயிற்றுக்குள் விட்டேன். மாஸ்டர் வாளியைப் பிடித்தார். ஒழுங்கை முழுக்கக் கொட்டிலைச் சுற்றி நின்றது. முதலில் காற்று வந்தது. அந்த மணத்தில் முன்வரிசை இரண்டாம் வரிசையானது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, தலையைத் தாழ்த்திப் பிடித்தோம். பிறகு வந்ததில் பாதி வாளிக்குள்ளும் பாதி என் புதுச் சேலையிலும் விழுந்தது.

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். சோறு, பயறு, கஜு, பிளம்ஸ் என்கிற காய்ந்த திராட்சை. ஒரு கைப்பிடிப் பொங்கல் இல்லை இது, ஒரு கலியாண வீட்டுப் பொங்கல்.

இங்கேதான் என் இரண்டாவது பழக்கம் தலைதூக்கியது. ஏன்? யார்? எவ்வளவு?

"ஆரோ அள்ளிக் குடுத்திருக்கிறியள். உண்மையைச் சொல்லுங்கோ" என்றேன், இன்ஸ்பெக்டர் மாதிரி.

பக்கத்து வீட்டுத் தேவி வாளியை ஒருதரம் பார்த்துவிட்டு, "உது எங்கடை இல்லை. நாங்கள் பிளம்ஸ் போடுறேல்லை" என்றாள்.

"பிளம்ஸ் எங்கடைதான்" என்றார் மாஸ்டர். "ஆனால் நான் ஒரு பிடிதான் குடுத்தனான்."

"வடிவா யோசியுங்கோ மாஸ்டர்."

"எனக்கு ஒண்டு. மனிசிக்கு ஒண்டு. மூத்தவன் கனடாவிலை, அவனுக்கு ஒண்டு, மருமகளுக்கு ஒண்டு. பேரப்பிள்ளையள் மூண்டு பேர். இளையவள் சுவிஸ். ஆளுக்கொண்டுதான் பிள்ளை, நீங்கள் சொன்ன மாதிரியே!"

எட்டு. குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். வலக்கையில் ரியூப், இடக்கையில் பேனை.

தேவி வீட்டில் பதினொன்று. (லண்டன் குடும்பம் பெரிசு.) அடுத்த வீட்டில் செத்துப்போன கணவருக்கும் ஒரு பிடி, அவருக்குப் புக்கை என்றால் நல்ல விருப்பமாம். இன்னொருவர் நோர்வேயில் பிறந்த பேத்திக்குக் கொடுத்திருந்தார். "பிறந்து நாப்பது நாள்தான் டொக்டர். அதாலை சின்னப் பிடியாத்தான் குடுத்தனான்" என்று விளக்கமும் தந்தார். அரைவாசிப் பேர் வீடியோவில் நின்று பார்த்திருக்கிறார்கள். ஒருவர் தன் பெயரில் இரண்டாவது பிடி கொடுக்க வந்தாராம். மாஸ்டர் அவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, "டொக்டர் சொன்னது தெரியாதோ?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் என் பேச்சை மீறவில்லை. என் பத்து மாதச் சேவையில் நான் சொன்னதை ஊர் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டது அந்த ஒரு நாள்தான். நான் கொடுப்பவருக்குத்தான் அளவு சொன்னேனே தவிர, தின்னும் மாட்டுக்கு அளவு சொல்லவில்லை.

கூட்டிப் பார்த்தேன். நூற்றுப் பதினான்கு.

"உங்கடையைச் சேர்த்தனீங்களோ?" என்று கேட்டாள் தேவி. "மூண்டு. படம் கிடக்கு."

நூற்றுப் பதினேழு.

பரமேஸ் அக்கா இவ்வளவு நேரமும் மயிலியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சட்டம் போட்டதும் நீங்கள். முதல் பிடி வைச்சதும் நீங்கள். இப்ப நீங்களே எடுங்கோ பிள்ளை" என்றார்.

எடுத்தேன். தண்ணீர் விட்டு, எடுத்து, மறுபடி விட்டு, மறுபடி எடுத்து, ஏழு வாளி. புளிப்பை முறிக்க அப்பச்சோடா வேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் இருபத்திரண்டு வீட்டில் இருந்தும் பைக்கற் வந்து சேர்ந்தது. ஒருவர் ஏற்கனவே செம்பில் கரைக்கத் தொடங்கியிருந்தார்.

"நில்லுங்கோ! ஆளுக்கொண்டு இல்லை! நான்தான் அளந்து போடுவன்!" என்று கத்தினேன். அன்றைக்கு நான் படித்த பாடத்தின் முதல் பயன் அது.

கழுத்து நரம்பில் சேலைன் ஏற்றி, ஊசி போட்டு, பொழுதுபட வீட்டுக்குப் போனேன். என் சேலை மணத்துக்கு எங்கள் நாயே ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது. நித்திரை வரவில்லை. மாடு செத்தால் அந்த வீட்டு வாசல் படலைக்குள் எந்த முகத்தோடு போவது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

காலை ஆறு மணிக்குப் போய், படலையில் நின்று எட்டிப் பார்த்தேன். மயிலி எழும்பி நின்றது. கீழ்த்தாடை மெல்ல இடமும் வலமும் போய் வந்தது. அசைபோடுகிறது! நான் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். பங்குனியில் நல்ல வெள்ளை நாகு கன்று ஒன்று பிறந்தது. செய்தி சொல்ல அக்கா எனக்குத்தான் முதலில் எடுத்தார்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த பட்டிப்பொங்கல் வந்தபோது, மாட்டுக்குப் புக்கையே கூடாது என்று அறிவித்தேன். அப்படியென்றால் கனடாப் பிடியை என்ன செய்வது, சுவிஸ் பிடியை எங்கே போடுவது என்று ஒழுங்கையில் பெரிய பிரச்சினை. தீர்ப்புச் சொன்னவர் பரமேஸ் அக்கா. புக்கையை மாட்டுக்குக் காட்டுவது, நெற்றியைத் தொட்டுக் கும்பிடுவது, பிறகு கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருக்கும் டொக்டருக்குக் கொடுப்பது. முறைப்பாடு சொல்ல எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. உலகம் முழுக்க வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, நான் சிரித்துக்கொண்டே தின்றேன். அதுவே வழக்கமாகிவிட்டது. இடையில் எனக்குக் கலியாணமும் ஆனது. ஒவ்வொரு வருடமும் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் என் இடது வயிற்றில் விரலால் சுண்டிப் பார்த்து, "இன்னும் தவில் இல்லை, மிருதங்கம்தான்" என்று அறிக்கை தருவார். மெல்பேர்ண் அக்கா தன் கூட்டாளிகளுக்கு என்னை அறிமுகப்படுத்துவதே இந்தக் கதையோடுதான்.

இந்த வருடம் எனக்கு ஐந்து மாதம். வயிறு தெரியத் தொடங்கிவிட்டது. வழமைபோலக் கதிரையில் போய் இருந்தேன். இருபத்திரண்டு வீடும் தட்டங்களோடு வந்தது. முன்னால் மாஸ்டர், கையில் போன், போனுக்குள் கனடா. பரமேஸ் அக்கா எழும்பிப் போய்ப் படலையின் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"டொக்டர் பிள்ளைத்தாச்சி. இந்த முறை ஆளுக்கொண்டு இல்லை. எல்லாருக்குமாச் சேர்த்து ஒண்டு!"

ஐம்பத்தைந்து நிமிடம் மைக்கைப் பிடித்தும் எனக்குச் சொல்லத் தெரியாமல் போன வசனம் அது.