பட்டறைக்குத் திரைச்சீலை எதற்கு?

காலைப் பாலில் மரத்தூள் மிதந்தது. மனைவி டம்ளரை எழுத்தரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இதைக் குடிக்கிறதா, இழைக்கிறதா?"

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். நாளெல்லாம் பிறர் கேட்டதை எழுதிக் கொடுப்பவருக்கு, தன் கையால் ஒரே ஒரு நாற்காலியாவது செய்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் சாப்பாட்டு மேஜைதான் அவருக்குப் பட்டறை. ஒரு கால் அறுப்பதற்குள் யாராவது தட்டோடு வந்து நின்றுவிடுவார்கள். மூன்று காலோடு அந்த நாற்காலி கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது.

"தோட்டத்துல தனியா ஒரு பட்டறை கட்டிக்கிறேன். அங்க யாரும் வந்து என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

"தாராளமா கட்டுங்க. வீட்டுக்குள்ள ரம்பச் சத்தம் போனாப் போதும்."

அன்று பிடித்தது பைத்தியம். வரைந்தார், அழித்தார், பேருந்து டிக்கெட்டின் பின்புறத்தில் மறுபடி வரைந்தார். கதவு கிழக்கே போனது, மேற்கே வந்தது. குளிக்கப் போனவர் பாதியில் துண்டோடு ஓடிவந்து தோட்டத்தை அளந்தார். கண்ணை மூடினால் கனவில் கூரை சரிந்தது.

மாமியார் படத்தை எட்டிப் பார்த்தார்.

"ஜன்னலே காணோமே, மாப்பிள்ளை?"

"பட்டறைக்கு எதுக்கு அத்தை ஜன்னல்?"

"உள்ள மூச்சு விட மாட்டீங்களா?"

ஜன்னல் வைத்தார்.

சுவரும் கூரையும் எழும்பிய நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கதவுக்கும் தரைக்கும் வாங்கிய பலகைகள் நனையக் கூடாதே என்று எல்லாவற்றையும் கூடத்துக்குள் இழுத்துவந்தார். கூடத்தில் இடமில்லை. சோபாவைத் தூக்கித் தோட்டத்துக் கூரையின் கீழே போட்டார்.

"ரெண்டே நாள்" என்றார்.

சோபா எங்கேயோ மாமியார் அங்கே. அவருக்குத் துணையாகப் பேத்தியும் போனாள். மண்தரையில் சோபா ஆடியது. ஆகவே தரையை முதலில் போட வேண்டும், அதற்கு இன்னும் பலகை வேண்டும், அதை அறுக்க இன்னும் இடம் வேண்டும். படுக்கையறையைக் காலி செய்தார். கட்டில்களும் தோட்டத்துக்குப் போயின.

"அப்பா, வெயில் முகத்துல அடிக்குது. படிக்க முடியல" என்றாள் மகள்.

பட்டறைக்குத் திரைச்சீலை எதற்கு என்று கேட்க நினைத்தவர், கேட்காமல் படத்தில் திரை மாட்ட ஒரு கம்பியைச் சேர்த்தார்.

கடைசியாக வார்னிஷ். அந்த நெடியில் சமையலறையில் நிற்க முடியவில்லை. மனைவி அடுப்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். உளிகளை மாட்ட அவர் வரிசையாக அடித்து வைத்திருந்த ஆணிகளில் கரண்டிகள் தொங்கின. இழைப்புளிக்கென்று அளவெடுத்துச் செய்த அலமாரியில் தட்டுகள் கச்சிதமாக உட்கார்ந்தன.

"நல்ல யோசனையாத்தான் கட்டியிருக்கீங்க" என்றாள் மனைவி. அவள் அவரைப் பாராட்டி வெகுகாலம் ஆகியிருந்ததால் அவரால் கோபப்பட முடியவில்லை.

ஒருவழியாக வேலை முடிந்தது. எழுத்தர் மரத்தூள் மண்டிய கூடத்தில் தனியாக நின்றார். தட்டோடு யாரும் வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. மளமளவென்று அறுத்து நாற்காலிக்கு நான்காவது காலையும் பொருத்தினார். ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. "இங்க பாரேன்!" என்று கத்தினார். பார்க்க ஆளில்லை.

தோட்டத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனை நாள் கேட்ட தனிமை இப்போது துளியும் பிடிக்கவில்லை. பட்டறையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஒரு கையில் கருவிப் பெட்டியும் மறு கையில் நாற்காலியுமாக நடந்தார்.

திரைச்சீலைக்குப் பின்னால் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்குப் போன வாரம் குடிவந்த அம்மாளும் சோபாவில் இருந்தார். தலை முதல் கால் வரை மரத்தூளோடு வாசலில் வந்து நின்றவரை அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார் எழுத்தர். ஏன் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து, காதோடு காதாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி எச்சரித்தார்:

"முன்பக்கத்து வீட்டை இந்தத் தச்சருக்கு வாடகைக்கு விட்டது விட்டாச்சு, போகட்டும். நாற்காலியை வாங்கிக்கிட்டு வாசலோட அனுப்பிடுங்க. உள்ள விட்டீங்க, இந்த வீட்டையும் பட்டறையா ஆக்கிடுவார்!"