ரீஸ்டார்ட் அண்ணாத்தயின் இரண்டு சட்டைகள்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும், ஒரே உடம்பில் இரண்டு பேராகக் குடியிருந்து ஒரே வாடகை கொடுத்த மனிதர் ரீஸ்டார்ட் அண்ணாத்த ஒருவர்தான். மிகை என்று தோன்றினால் எங்கள் ஹவுஸ் ஓனரைக் கேளுங்கள். மாடியில் எத்தனை பேர் தங்கியிருக்கிறோம் என்று சந்தேகப்பட்டு, மூச்சிரைக்க ஏறி வந்து எண்ணிப் பார்த்தவர் அவர்.

படிப்பு முடிந்து வேலை கிடைத்த கையோடு நான் மாமல்லபுரத்தில் அண்ணாத்தயின் அறையில் பாதியைப் பிடித்தேன். அவர் சிற்பப் பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டரில் கோட்டுப் படம் வரைபவர். அதை முழு அளவில் அச்சடித்துக் கல்லின் மேல் ஒட்டிய பிறகுதான் உளி வைப்பார்கள். வரைவதற்கு அவருக்கு லினக்ஸ்தான் கை வாட்டம். ஆனால் உயிருக்கு உயிரான கார் ரேஸ் கேம் விண்டோஸில்தான் ஓடும். எனவே ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் போட்டிருந்தார். பட்டனை அழுத்தினால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திரை கேட்கும். ஒரு பக்கம் போய்விட்டால், ரீஸ்டார்ட் செய்யாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

இது பலரும் செய்வதுதான். மற்றவர்கள் கம்ப்யூட்டரை மட்டும் ரீஸ்டார்ட் செய்வார்கள். அண்ணாத்த தன்னையும் சேர்த்துச் செய்துகொள்வார்.

லினக்ஸ் என்றால் முழுக்கைச் சட்டை, பேன்ட், கைக்கடிகாரம். விண்டோஸ் என்றால் கைலி, பனியன். நடுவில் முகம் கழுவல், ஒரு டீ. அந்த இடைவெளியில் கூரை பற்றி எரிந்தாலும் "ரீஸ்டார்ட்ல கீறேன்" என்று கையைக் காட்டிவிடுவார்.

ஒருநாள் பட்டறை ஓனர் அரக்கப் பரக்க ஓடி வந்தார். பிள்ளையாரின் தும்பிக்கை வலது பக்கம் திரும்ப வேண்டுமாம், படத்தில் இடது பக்கம் இருக்கிறதாம், கல் காத்திருக்கிறதாம். அண்ணாத்த பனியனில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமல், "அவரு இல்லீங்க ஓனரே" என்றார்.

"எவரு?"

"படம் போடறவரு. குந்துங்க, வந்துடுவாரு."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். ரேஸ் முடிந்தது. அண்ணாத்த எழுந்து உள்ளே போய் முகம் கழுவி, சட்டை மாட்டி, கடிகாரம் கட்டி வெளியே வந்து மலர்ந்த முகத்தோடு கேட்டார்: "வாங்க ஓனரே, எப்ப வந்தீங்க?"

தும்பிக்கை அன்றே திரும்பியது. நொந்துபோன ஓனர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மேக் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார். அண்ணாத்த ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ரெண்டு பேருக்கே சோறு பத்தல. இதுல மூணாவதா ஒர்த்தனா?"

அண்ணாத்தயின் ஹார்ட் டிஸ்கில் மூன்றாவதாக ஒரு சின்னப் பகுதி இருந்தது. பொது டிரைவ். எந்தப் பக்கம் போனாலும் அது தெரியும். அதில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டால் மட்டும் இரண்டு அண்ணாத்தயும் ஒற்றுமையாகப் பேச்சை மாற்றினார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஸ்டெல்லாவைப் பிடித்திருந்தது. ஸ்டெல்லா கடலோர ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் இருந்தார். ஹோட்டல் வாசலில் நிற்கும் கல் யானை அண்ணாத்த வரைந்தது. அதைப் பொருத்தப் போன இடத்தில் பேசத் தொடங்கியவர்கள். ஸ்டெல்லாவின் அப்பா கல்பாக்கத்தில் பெரிய வேலையில் இருந்தவர். மாப்பிள்ளையை நேரில் பார்த்து, பிடித்தால்தான் சம்மதம், இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வீட்டில் கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் வந்தார்கள். நான் ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தேன்: அண்ணாத்த, இன்னிக்கு மட்டும் ஒரே ஆளா இரு. அவரும் முழுக்கைச் சட்டையில் அழகாக உட்கார்ந்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது, வேலை போக மற்ற நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று அப்பா கேட்கும் வரை.

அண்ணாத்த பொய் சொல்ல மாட்டார். சட்டைக்காரரும் சரி, பனியன்காரரும் சரி. "நான் ஒண்ணும் பண்றதில்ல சார். கேம் ஆடறவரு வேற."

நான் டீ டம்ளர்களோடு பனியனில் நின்றிருந்தேன். அப்பாவின் பார்வை என் மேல் விழுந்தது. "இவரா?"

"இவன் இல்ல சார். அவரு இப்ப இல்ல."

"அவரும் இங்கதான் தங்கியிருக்காரா?"

"ஒரே கட்டில்தான் சார்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்திருக்கும் ஆள் வைக்கிற விதம் அது. ஸ்டெல்லா மட்டும் அசையவில்லை. அண்ணாத்தயை நேராகப் பார்த்து அமைதியாகக் கேட்டார். "நாளைக்கு நான் வந்தா, எந்தப் பக்கத்துல இருக்கணும்?"

அண்ணாத்த எழுந்து போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். லினக்ஸ். பொது டிரைவைத் திறந்தார். கல் யானையின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா சிரிக்கிற போட்டோ. ஒரே ஒரு போட்டோ. பிறகு ரீஸ்டார்ட் கொடுத்தார். முகம் கழுவவில்லை, டீ குடிக்கவில்லை. அதே முழுக்கைச் சட்டையோடு விண்டோஸுக்குள் போனார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை. அதே டிரைவ், அதே யானை, அதே சிரிப்பு.

"இந்தப் பக்கத்துது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது சார்" என்றார் அப்பாவிடம். "இது மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியும்."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதருகே குனிந்து ஸ்டெல்லா, "ரெண்டு பேருமே நல்லவங்கதான்ப்பா" என்றார். அப்பா மீண்டும் டம்ளரைக் கையில் எடுத்தார். டீ ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் முழுவதும் குடித்தார்.

அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் செங்கல்பட்டுக்கு மாறி வந்துவிட்டேன். அண்ணாத்த மாறவில்லை. பட்டறைக்காரர்கள் ரேஸ் நேரத்தில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். ரேஸ் கூட்டாளிகள் வேலை நேரத்தில் கூப்பிட்டாலும் அப்படித்தான். போன வாரம் புது லேப்டாப் எது வாங்கலாம் என்று கேட்கக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். சரியான ஆளிடம்தான் கேட்கிறோமா என்ற கவலையில், "இப்ப எந்தப் பக்கம் அண்ணாத்த?" என்றேன்.

"உனுக்கு இன்னாடா அதப் பத்தி" என்றார். "நீ பொது டிரைவுல கீற."

லேப்டாப்பைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.