மிதக்கும் முனையும் எம்.ஆர்.ஐ-யும்

கோலாப்பூர்,
ஸ்கேன் அறை.

நேற்று மாலை 4.18-க்குச் செய்தி வந்துவிட்டது. இருந்தாலும் முறை முறைதான்: தீர்த்தசொரூபரான மாமாவுக்கு, மாப்பிள்ளை ஹேரம்பின் சாஷ்டாங்க நமஸ்காரம். நான் சௌக்கியம். சாப்பிடுகிறேன். என்ன சாப்பிட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

செய்தி புனே டாக்டர் கானிட்கரிடமிருந்து. உங்கள் மகள் முக்தாவை டெங்கு கொண்டுபோவதற்கு முந்தின மாதம், உங்கள் காகல் தாலீமில் மல்யுத்தம் பழகும் பயில்வான்களின் தொடைச் சதையை அவள் ஸ்கேன் கருவியால் அளந்தாளே, அதைத்தான் அந்த அம்மாள், "கையால எடுக்கிற அளவை எப்படி நம்புறது? ஒருத்தர் அமுக்குவார், ஒருத்தர் அமுக்க மாட்டார். எம்.ஆர்.ஐ-யோட ஒத்துப்போனா வெச்சுக்கலாம், இல்லேன்னா குப்பைதான்" என்று நிறுத்திவைத்திருந்தார்.

இரண்டு அளவும் எடுத்த அந்த நாளின் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நீங்கள்தான், மாமா. "பெருசா காட்டிட்டு வாங்கடா, தாலீம் மானம் போயிடக்கூடாது" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுப் பயில்வான்கள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பஸ்கி போட, தொடையெல்லாம் ரத்தம் ஏறி வீங்க, "இது சதையில்ல, வீக்கம்! எல்லாரும் படுங்க, எழுந்தா அடிதான்" என்று முக்தா வரிசையாகத் தரையில் கிடத்த, ஏதோ பஸ் கவிழ்ந்துவிட்டது என்று வாட்ச்மேன் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவர, அளந்த இடம் எம்.ஆர்.ஐ படத்தில் தெரியட்டும் என்று தொடையில் ஒட்டிய மீன் எண்ணெய் மாத்திரையைப் பயில்வான் சர்ஜேராவ் பிய்த்துத் தின்றுவிட்டு, "மாத்திரை திங்கத்தானே அக்கா?" என்று கேட்க, அவள் சிரித்த சிரிப்பு அடுத்த அறை வரைக்கும் போச்சு.

நீங்க வேற, "அமுக்கிப் பாக்காம பலம் எப்படிம்மா தெரியும்?"னு கேட்டீங்க.

"ஆபா, அமுக்கினா சதை நசுங்கும், அளவு பொய் சொல்லும். முனை தோலைத் தொடவே கூடாது. ஜெல் மேல மிதக்கணும்"னு சொல்லி, முக்தா குல்கந்து மாதிரி ஜெல்லைக் குவிச்சா. அளந்து முடிச்சப்புறமும் ஒரு பயில்வான், "எப்ப அக்கா ஆரம்பிப்பீங்க?"னு கேட்டான்.

மாமா, நேத்து வந்த கணக்குல, அவ அளந்த ஒரு ஆளுக்குக்கூட ரெண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர் தாண்டலை. அந்தக் காந்தமும் அலையும் எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சவன் நான். கோடி ரூபா மெஷின் ராட்சசன் மாதிரி உறுமி உறுமிக் கண்டுபிடிச்சதை, வளையல் போட்ட ஒரு மணிக்கட்டு சத்தமில்லாம சொல்லி வெச்சிருக்கு. ராத்திரி வரைக்கும் டாக்டர் அனுப்பின வரைபடத்துல அந்தப் புள்ளிகளையே பாத்துக்கிட்டு இருந்தேன். அழுகை வரலை. வாய்தான் மூடலை.

ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டுத் தள்ளி நின்னுது. சர்ஜேராவ். நாலு மில்லிமீட்டர் கம்மி. அன்னைக்கு, "நீயும் ஒண்ணு எடுத்துப் பாரேன்"னு முக்தா முனையை என் கையில குடுத்தா. அவரை அளந்தது நான். அமுக்கிட்டேன்.

ஆகவே, ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு எடுக்கவேண்டிய இரண்டாவது அளவை நான் எடுக்கப்போவதில்லை. அது இல்லாமல் அவளுடைய முதல் அளவால் ஒரு பயனும் இல்லை என்பது தெரியும். வேறு கையைத் தேடுங்கள். பயில்வான்களை அனுப்பாதீர்கள்.

அத்தைக்கு நமஸ்காரம். தாலீம் பிள்ளைகளுக்கு ஆசி. அவர்களுக்குப் பால் கொடுத்தே இளைத்துப்போன எருமைக்கு என் விசாரிப்பு.

ஹேரம்ப்

பி.கு.: கவரை ஒட்டும்போது சர்ஜேராவ் வந்து நின்றார். "வஸ்தாது அனுப்பலை, நானாத்தான் வந்தேன். இங்க வேலை செய்யற என் மச்சான் வாய் சும்மா இருக்கலை. நாலு மில்லி கம்மின்னு காகல் பூரா பேச்சு. எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்? திருப்பி அளங்க."

படுக்க வைத்தேன். ஜெல்லைக் குவித்தேன். முதல் தடவை முனையை வைத்ததும் சதை நசுங்குவது திரையிலேயே தெரிந்தது. கையை எடுத்துவிடப்போகிறவன் மாதிரி தூக்கிக்கொண்டே வந்தேன். சதை தன்பாட்டுக்கு, மெதுவாக, முழுசாக நிமிர்ந்தது. மாமா, அப்படி ஒரு அழகை நான் பார்த்ததே இல்லை.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். திங்கட்கிழமையிலிருந்து எல்லோரையும் அனுப்புங்கள், பஸ்கி போடாமல். படித்தவுடனே நீங்கள் கூப்பிடுவீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அழுதால் கை கனத்துவிடும். கடைசி ஆளை அளந்து முடிக்கிற வரைக்கும் போனை அணைத்துவிட்டேன்.