கட்டிலில் இடம் கேட்டு அக்காவுக்கு

என்றும் என் மரியாதைக்கும், இந்த மாதம் மட்டும் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் என் மனைவியும் குழந்தையும் நலம். ஒரே வீட்டில், வேறு வேறு அறைகளில் நலம். நீயும் அத்தானும் ஒரே அறையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை விட்டுவிட்டு இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். இங்கே போனில் பேசினால் குழந்தை விழித்துக்கொள்வாள். அவள் விழிக்காவிட்டாலும் அவளுடைய அம்மா விழித்திருப்பாள். நான் சொல்லப்போவது அந்த அம்மாவின் காதில் விழக்கூடாத சங்கதி.

குழந்தை பிறந்த கையோடு வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸம்மா, பெரியவர்கள் படுக்கையில் குழந்தையைப் போடாதீர்கள், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தனித் தொட்டிலில் மல்லாக்கப் போடுங்கள், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். ஆட்டாத ஒரே ஆள் குழந்தைதான். தோளில் கிடக்கும்போது அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறவள், தொட்டிலில் முதுகு பட்டதும் வாடகை பாக்கி கேட்க வந்த வீட்டுக்காரர் மாதிரி தெருவே கேட்கக் கத்துகிறாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவியிடம், "விடும்மா, நடுவுல போட்டுக்கலாம். நாமெல்லாம் பெத்தவங்க பக்கத்துல படுத்துதானே வளந்தோம்?" என்றேன். "வளந்தவங்கதானே வந்து இதைச் சொல்ல முடியும்?" என்றாள். ஆனாலும் தூக்கம் யாரை விட்டது? பால் கொடுக்கும்போதே அவளுக்குத் தலை தொங்கிப்போகிறது. கடைசியில் அவளே மனமிரங்கி, சரி, கட்டிலைப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். பார்த்தாள் என்றால் எப்படி, விபத்து நடந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்களே, அப்படி. தலையணைகள் போயின. கனமான போர்வை போயிற்று. உள்வாங்கிய பழைய மெத்தை போய்க் கெட்டியான மெத்தை வந்தது. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் குழந்தை விழுந்துவிடும் என்று கட்டிலை அறை நடுவுக்கு இழுத்தோம். இழுத்தவன் நான், இடுப்பு பிடித்துக்கொண்டது. எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால், கட்டிலில் மிச்சமிருந்த ஆபத்தான சாமான் நான் ஒருவன்தான்.

என் தொழில் உனக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் காரில் பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக். நாள் முழுக்க கால் அதை மிதிக்கிறது, கை பக்கவாட்டில் பாய்ந்து அடுத்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புகிறது. ஐந்து மணிக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், காலும் கையும் ராத்திரி தூக்கத்திலும் ஓவர்டைம் பார்க்கின்றன. கல்யாணமான நாளிலிருந்து இவள் கட்டிலின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு படுப்பாள். புருஷனுக்குத் தாராளமாக இடம் விடுகிறாளே என்று இத்தனை வருஷம் நான் பூரித்துப்போயிருந்தேன், அக்கா!

இது வேலையால் வந்த வியாதியா, பிறவிக் கோளாறா என்று விசாரிக்கத்தான் உனக்குப் போன் போட்டாள். "அண்ணி, சின்ன வயசுல இவர் எப்படித் தூங்குவார்?" என்று அவள் கேட்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். வேலையால்தான் வந்தது என்று ஆகியிருந்தால், நீண்ட லீவு போட்டுச் சரிக்கட்டியிருப்பேன். நீ என்ன சொன்னாய்? "அவனா? ஐயோ, அவன் பக்கத்துல படுத்து என் பல்லே ஒண்ணு போச்சும்மா! வீடு இடிஞ்சாலும் எழுந்திரிக்க மாட்டான்!" அதோடு ஒரு சிரிப்பு வேறு. அது பால் பல் அக்கா. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல். நான் செய்தது உதவி.

உன் சாட்சியத்தின் பேரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் பரீட்சை வைத்தார்கள். எத்தனையோ பேரைப் பரீட்சைக்கு அனுப்பியவன் நான்! குழந்தையின் எடைக்கு ஒரு மாவுப் பை, அதற்குக் குழந்தையின் சட்டை, குல்லாய். அதைக் கட்டில் நடுவில் கிடத்திவிட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு இவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தூங்குகிற மாதிரி நடித்து பாஸாகிவிடுவது என் திட்டம். மெத்தை புதுசு, சாப்பிட்ட மயக்கம், நிஜமாகவே தூங்கிவிட்டேன். "பிரேக்! பிரேக்! கண்ணாடியைப் பாருங்க சார்!" என்று யாரோ அலறுவது கேட்டது. கண்ணைத் திறந்தால் அலறியது நான். கையில் குல்லாய், கட்டிலெங்கும் மாவு. இவள் சிரித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். சிரிக்கவில்லை. மடியிலிருந்தவளை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும், ஹால் சோபாதான் எனக்கு. நீட்டிப் படுத்தால் முழங்காலுக்குக் கீழே நான் வேறு யாரோ மாதிரி வெளியே தொங்குகிறேன். ஆபீஸில் பில் போடும் மீசைக்காரர், "காலைக் கட்டில் சட்டத்தோட கட்டிக்குங்க சார், நானும் அப்படித்தான்" என்றார். அவர் எதற்குக் கட்டிக்கொண்டார் என்று கேட்காமல் போனது என் தப்பு. சோபாக் காலில் கட்டி ஒத்திகை பார்த்தேன். காலையில் பால்காரர் மணி அடித்தார், நான் பாய்ந்து எழுந்தேன், சோபாவும் கூடவே வந்தது. நேற்று பாடம் நடக்கும்போதே கண் செருகிவிட்டது. ஓட்டப் பழகுகிற அந்தப் பெண் என் தோளைத் தட்டி, "சார், பச்சை விழுந்து ரொம்ப நேரமாச்சு. நானே போயிடவா?" என்கிறாள். மானம் போயிற்று.

ஆகவே அக்கா, ஒரே ஒரு பொய். அவளுக்கு நீயாகவே போன் செய்து, பல்லைத் தட்டியது தம்பி இல்லை, பெரியண்ணன்தான், ஆள் மாறிப்போச்சு என்று சொல்லிவிடு. அண்ணன் தூரத்தில் இருக்கிறார், வந்து மறுக்கமாட்டார். என் மகள் பக்கத்தில் ஒரு முழம் இடம், அவ்வளவுதான் நான் கேட்பது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்; எங்கே போனாலும் இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடக்கட்டும்.

இப்படிக்கு,
சோபாவில் குடியிருக்கும் உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப்போடு. கவரை ஒட்டப்போகிற நேரத்தில், குளித்துவிட்டு வருகிறேன் என்று இவள் மகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சோபாவில் சாய்ந்து மார்பில் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடியது நினைவில்லை. இவள் குரல் கேட்டு விழித்தபோது குழந்தை என் கைக்கும் சோபா முதுகுக்கும் நடுவில் சரிந்து, முகம் மெத்தைப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். இவள் பாய்ந்து தூக்கிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை, பால் குடித்தாள், இப்போது வழக்கம்போல் கத்துகிறாள். இதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. கட்டிலைவிட சோபா மோசம் என்று நர்ஸம்மா அன்றைக்கே சொன்னாராம். நான் எங்கே கவனித்தேன்! இவள் என்னைத் திட்டவே இல்லை. "முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்றாள், அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு, ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

தொட்டிலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தியாயிற்று. அவள் அதில் கிடந்து அழுகிறாள், நாங்கள் முறைபோட்டு உட்கார்ந்து, கையை உள்ளே விட்டுத் தட்டிக்கொடுக்கிறோம். நீ போன் செய்ய வேண்டாம், பொய்யும் வேண்டாம். முடிந்தால் நேரில் கிளம்பி வா. இந்த வீட்டில் இடத்துக்கு ஒன்றும் குறைவில்லை, முழித்திருக்கிற ஆள்தான் இல்லை.